தொப்பியில் இருந்த கறை

அந்தக் கறையை எடுக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கத் தேவைப்பட்டது.

பிரேசர் டவுனில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோ ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பன் வேகத் தொடங்கினால் மேலே யாருக்கும் வேலை ஓடாது. பழைய படங்களை ஸ்கேன் செய்து, கீறல், மடிப்பு, பூஞ்சைப் புள்ளி எல்லாவற்றையும் கணினியில் நீக்கிப் புதுசாக்கித் தருவது எங்கள் தொழில். ரீடச்சிங் என்போம். பெரும்பாலும் கல்யாண ஆல்பங்கள் வரும். மிச்சம் செத்துப்போனவர்களின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள். தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் இந்த வேலைக்கு நல்ல கிராக்கி இருந்தது.

அன்று என் மேசைக்கு வந்தது கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. ஒரு போஸ்டர். நான் பிறந்த கோலார் தங்கவயலில், சுரங்க வாசல்களில் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த பாதுகாப்பு போஸ்டர். முரளிதர் என்றொரு சேகரிப்பாளர் இதுபோல் பன்னிரண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார். பழைய போஸ்டர்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தப்போகிறார். எல்லாவற்றையும் சுத்தம் செய்து, பெரிதாக அச்சடிக்கத் தோதாக்கித் தரவேண்டும்.

என் கையில் இருந்த போஸ்டர் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரித்தது. இடது பக்கம் தொப்பி போடாத ஒரு தொழிலாளி தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். பின்னால் பாறை சரிகிறது. அவன்மேல் மூலைக்கு மூலை சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. வலது பக்கம் இன்னொருவன், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோகிறான். தலையில் மஞ்சள் தொப்பி, கையில் சாப்பாட்டுத் தூக்கு. தூரத்தில் ஒரு வீடு, வாசலில் ஒரு பெண், ஒரு குழந்தை. கீழே தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரே வாசகம்: தொப்பி போட்டவன் வீடு போய்ச் சேருவான்.

நடந்துபோகிறவனின் தொப்பியில்தான் அந்தக் கறை. எட்டணா அளவுக்கு வட்டமாக, பழுப்பாக, அந்த இடத்தில் காகிதமே கொஞ்சம் தேய்ந்து நார் எழும்பியிருந்தது. எவனோ டீ டம்ளரை வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த மஞ்சளை எடுத்துப் புள்ளி புள்ளியாக வைத்து மூடினேன். பிறகு தூக்குப் பிடித்த கையின் குறுக்கே ஓடிய மடிப்பையும் சரி செய்தேன். மடிப்பில் விரல் ஒன்று அழிந்துபோயிருந்தது. நானே வரைந்துவிட்டேன். என் வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அன்று சாயந்திரம் அது உச்சத்தில் இருந்தது.

முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இடது பக்கம் போய், சிரிக்கிறவனைப் பெரிதாக்கினேன். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. இடது புருவம் வலது புருவத்தைவிடக் கொஞ்சம் மேலே.

அந்த முகம் எங்கள் வீட்டில் இருந்தது.

மெழுகுவர்த்திக்குப் பின்னால்

நான் அப்போது ஈஜிபுராவில், இரண்டு அறை வாடகை வீட்டில் அமலோற்பவம் அத்தையோடு இருந்தேன். அத்தை அப்பாவுடைய அக்கா. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அத்தையின் கணவர் சூசை மாமா சுரங்கத்துக்குள் இறந்துபோனார். தங்கவயலில் ஏர்பிளாஸ்ட் என்பார்கள். பூமிக்கடியில் பாறை தானாக வெடித்துச் சிதறும். யார் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் அதற்கு ஒரு கணக்கும் இல்லை.

மாமாவுக்குப் போட்டோ கிடையாது. ஆம்பூர்ப் பக்கம் கிராமத்தில் நடந்த கல்யாணம், போட்டோக்காரர் வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஸ்டுடியோ போகலாம் என்று சொல்லி, அது அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

ஆனால் ஒரு படம் இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய, வரைந்த படம். சிரிக்கிற முகம் மட்டும். அத்தை அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். முன்னால் மெழுகுவர்த்தி. கேட்டால், "கம்பெனிக்கு வரையறவன் ஒருத்தன் வந்தான், அவன் போட்டுக் குடுத்தது" என்பாள். முகத்தின் குறுக்கே வெளுத்த ரோஜா நிறத்தில் இரண்டு பட்டை ஓடும். சின்ன வயதில் அது மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று நினைத்திருந்தேன். பிறகு வெயில்பட்டு வெளிறியது என்று நினைத்தேன். ஸ்டுடியோவில் சேர்ந்த பிறகு அந்தப் பட்டைகளைப் பார்த்தாலே கை அரிக்கும். மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

"குடுங்க அத்த, ஒரு மணி நேர வேல. பளிச்சுனு ஆக்கித் தரேன்."

"இருக்கட்டும். அவுரு மூஞ்சிய நீ மிஷின்ல போட்டு அரைக்க வாணாம்."

அந்தப் பட்டைகள் எங்கிருந்து வந்தன என்று கணினித் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. அது பெருக்கல் குறியின் மிச்சம்.

போஸ்டர்களும் நானும்

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். போஸ்டரைப் பார்த்து உருகுகிற ஆள் நான் இல்லை. முரளிதர் மாதிரி ஆட்கள் ஒரு பழைய சோப்பு விளம்பரத்துக்கு முன்னால் நின்று பெருமூச்சு விடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லா முகமும் அச்சுப் புள்ளிதான். ராணியும் புள்ளி, சோப்பும் புள்ளி.

சின்ன வயதில் பயந்திருக்கிறேன், அது உண்டு. எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு மலேரியா போஸ்டர் இருந்தது. அதில் கொசு நாய் அளவுக்கு இருக்கும். ஒரு வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருக்கும். அந்த ஜாதிக் கொசு எங்கோ வேறு ஊரில் இருக்கிறது, ஒருநாள் தங்கவயலுக்கும் வரும் என்று உறுதியாக நம்பினேன். எங்கள் வீட்டுக் கொசுவை மட்டும் சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

குடும்பக் கட்டுப்பாடு போஸ்டரில் வருகிற குடும்பம்மேல் வேறுவிதமான எரிச்சல். அப்பா, அம்மா, பையன், பெண். நால்வரும் ஒரே திசையில் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தக் குடும்பத்துக்கு வேர்க்கவே வேர்க்காது. கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் அப்படி ஒரு குடும்பத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டில் ஏழு பேர், எதிர்வீட்டில் ஒன்பது பேர்.

தொழிலுக்கு வந்த பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். இந்தப் போஸ்டர்களில் தப்பு செய்கிறவன் எப்போதும் கொஞ்சம் கறுப்பாக இருப்பான். குடிக்கிறவன், கண்ட இடத்தில் துப்புகிறவன், கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்கிறவன். சரியாகச் செய்கிறவனுக்கும் அவனுக்கும் ஒரே மூக்கு, ஒரே சட்டை. ஆனால் தப்பு செய்கிறவன் முகத்தில் கறுப்பு மையில் ஒரு வரிசைப் புள்ளி கூடுதலாக விழுந்திருக்கும். முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். பன்னிரண்டு போஸ்டரிலும் அதே பிழை வராது.

சூசை மாமா முகத்திலும் அந்தக் கூடுதல் புள்ளி வரிசை இருந்தது. மாமா நல்ல மாநிறம்.

ஒரு பீடி பற்ற வைக்கும் நேரம்

போஸ்டரைச் சின்னதாக அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி போடவில்லை. போடாமலே தெரிந்திருக்கிறது.

"எங்கருந்து வந்துச்சு?"

"ஒருத்தரு பழைய போஸ்டரா வாங்கி வச்சிருக்காரு. கிழிஞ்ச பாதி நம்ம வீட்ல இருக்குது, இல்ல அத்த?"

அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடம் சொல்லாததைப் பத்து நிமிடத்தில் சொல்லிமுடித்தாள்.

மாமா இறப்பதற்கு முந்தின வருடம்தான் போஸ்டர் வந்திருக்கிறது. சுரங்கத்துக்குள் இறங்குகிற எல்லா ஷாப்ட் வாசலிலும் ஒட்டினார்கள். லைன் முழுக்க அவரைக் கேலி செய்தது. அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அடுத்த வருடம் ஏர்பிளாஸ்ட். மூன்றாம் நாள்தான் உடலை எடுத்தார்கள். பெட்டியை மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"ஒரு மாசங்கூட ஆவல. கொழாயாண்ட ஒருத்தி இன்னொருத்திகிட்ட சொல்றா, தொப்பி போடாம போனான், போய்ட்டான்னு. நான் பின்னாடி கொடத்தோட நின்னுக்கினு இருக்கறேன். எப்படித் தெரியும்னு கேட்டா, அதான் படத்துல போட்டிருக்குதேன்றா."

இதுதான் நடந்தது. எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பு இது. ஒரு படத்துக்காக அவர் தொப்பியைக் கழற்றி நின்றார். விபத்துக்கு முன்னால் வரைந்த படம். ஆனால் அவர் செத்த பிறகு, செத்த விதத்துக்கு அதுவே சாட்சி ஆகிவிட்டது. அவரோடு அன்று இன்னும் சிலர் போனார்கள். அவர்களை ஏர்பிளாஸ்ட் கொன்றது. சூசையை மட்டும் அஜாக்கிரதை கொன்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கிற அத்தையின் மகளை, அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'தொப்பி இல்லாதவன் பொண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மாமாவின் சொந்தத் தம்பியே ஒருநாள், "அண்ணன் கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கலாம் அண்ணி" என்றாராம்.

"தொப்பி இல்லாம அவுரு வூட்டு வாசப்படி தாண்டினதில்லடி. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவும்போது கழட்டி வைன்னு நான் சண்ட போட்டிருக்கறேன்."

அப்புறம் ஒருநாள் காலி டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஷாப்ட் வாசலுக்குப் போயிருக்கிறாள். புருஷனுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பெண்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். அதைத் தாண்டினால் வாட்ச்மேன் கத்துவார். பிடிபட்டால் குடியிருக்கும் லைன் வீடு போகும். அத்தை தாண்டினாள்.

"வாட்ச்மேன் என்னியப் பாத்தாரு. பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பீடி பத்த வச்சாரு. ஒரு பீடி பத்த வைக்க அவ்ளோ நேரம் ஆவாது."

அவசரத்தில் இடது பாதிதான் கையோடு வந்தது. வீட்டுக்கு வந்து முகத்தை மட்டும் கத்தரித்து, பழைய ரொட்டியை உருட்டி உருட்டித் தேய்த்தாளாம். சிவப்பு முழுக்கப் போகவில்லை. மற்ற ஷாப்ட் வாசல்களில் அந்தப் போஸ்டர் வருடக்கணக்கில் இருந்தது. அங்கெல்லாம் போய்க் கிழிக்க ஒரு பொம்பளையால் முடியுமா?

சொல்லிவிட்டுக் கேட்டாள்: "இத இன்னா பண்ணப் போறாங்க?"

"கண்காட்சியில வைப்பாங்க. இதத்தான் வாசல்ல பெரிசா வைக்கப் போறாங்க. ஆள் ஒசரத்துக்கு."

"அந்தச் செவப்புக் கோட்டோடயா?"

"ஆமா அத்த."

"மறுபடியுமா?"

அச்சை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீதான அந்த மிஷின்ல வேல செய்யற. எடுத்துடேன்" என்றாள்.

நான் முடியாது என்றேன். அது அடுத்தவர் பொருள், இருப்பதை இருக்கிறபடி காட்டுவதுதான் என் தொழில், இல்லாததைச் சேர்க்கவோ இருப்பதை எடுக்கவோ எனக்கு உரிமையில்லை என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அத்தை முழுசாகக் கேட்டாள்.

"கண்டவங்க வூட்டு மாப்ளைக்கு முடி வைக்கற. கல்யாணப் பொண்ணுக்குப் பரு எடுக்கற. சொந்த மாமா மூஞ்சிமேல இருக்கற கோடு மட்டும் ஒனக்கு அடுத்தவன் பொருளா?"

அடுப்பைத் திரும்பப் பற்ற வைத்தாள். அன்று என்னோடு சாப்பிடவில்லை.

முரளிதரின் சந்தோஷம்

மறுநாள் முரளிதரிடம் பேசினேன். வாசலில் வேறு போஸ்டரை வைக்க முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றார். அதில் இருப்பவர் என் மாமா என்றேன்.

அவர் சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சந்தோஷப்பட்டார். படக்குறிப்பில் 'மாடல்: தெரியவில்லை' என்று போட்டிருந்தாராம். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி, எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம் இது என்றார். உங்கள் அத்தை திறப்பு விழாவுக்கு வருவாரா, போஸ்டருக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுக்கலாமா என்றார். கெட்ட மனுஷர் இல்லை. எல்லாவற்றையும் சட்டம் போட்டுப் பார்த்துப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

"வர மாட்டாங்க" என்றேன். சுத்தம் செய்த படக் கோப்பைக் கொடுத்துவிட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். என்னைப் பொறுத்தவரை அந்த வேலை முடிந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

அழுக்கைக் காணோம்

கண்காட்சி ஆரம்பித்து நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அத்தை கிறிஸ்துமஸ் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்பு. பாத்துட்டு வந்துடலாம்."

"எதுக்கு அத்த? மனசு கஷ்டப்படும்."

"முப்பது வருஷமா படாததா?"

ஆட்டோவில் போனோம். வழியெல்லாம் நான், என்ன சொல்லித் தேற்றுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி ஒரு பழைய பங்களாவில். வேலைநாள் காலை, கூட்டமில்லை. ஸ்டூலில் ஒரு செக்யூரிட்டி மட்டும் உட்கார்ந்திருந்தார். கதவைத் தாண்டியதும் எதிரே மாமா, ஆள் உயரத்துக்கு, சிரித்துக்கொண்டு, சிவப்புக் குறியோடு.

நான் அத்தையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். அவள் இடது பக்கம் பார்க்கவில்லை. அந்த முகத்தைத்தான் தினமும் பார்க்கிறாளே. வலது பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறவனுக்கு முன்னால் நின்றாள். தலையை நிமிர்த்தித் தொப்பியைத் தேடினாள்.

"இன்னாடி, தொப்பியில அழுக்கக் காணோம்?"

"எந்த அழுக்கு?"

"எல்லா ஷாப்ட் வாசல் படத்துலயும் இருக்குமே. எறங்கறதுக்கு முந்தி ஆம்பளைங்க அந்தத் தொப்பியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினுதான் கேஜ்ல ஏறுவாங்க. இந்துவா இருந்தாலும் சரி, நம்மாளுங்களா இருந்தாலும் சரி. ஒரு நாளைக்கு மூணு ஷிப்டு, எல்லாம் எண்ணெக் கை. அழுக்காவாம இன்னா ஆவும்?"

டீ டம்ளர் என்று நான் நினைத்தது அதைத்தான். கேஜ் என்கிற கூண்டு லிப்டில் ஏறிப் பூமிக்கடியில் போகிற ஆயிரம் பேர் வீடு திரும்பவேண்டும் என்று தொட்ட இடம். அதை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, பன் வாசனையில், மஞ்சள் புள்ளி வைத்து அழித்திருக்கிறேன்.

"நான்தான் எடுத்தேன் அத்த" என்றேன். "உள்ள அசல் இருக்குது. அதுல இருக்கும்."

உள் அறையில் அசல் போஸ்டர் கண்ணாடிக்குள் இருந்தது. கறையும் இருந்தது. அத்தை பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, தொப்பி, சட்டை, கை என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். தூக்குப் பிடித்த கையில் அவள் பார்வை நின்றது.

"ஸ்டெல்லா, இங்க வா."

மடிப்பு அந்தக் கையின் குறுக்கேதான் போகிறது. நடுவில் மை உதிர்ந்துவிட்டது. ஆனால் மடிப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுண்டுவிரலின் கோடு மிச்சமிருந்தது. இரண்டையும் மனசில் சேர்த்துப் பார்த்தால் விரல் வெளிப்பக்கமாக வளைந்து, தூக்கைத் தொடாமல் தனியே நின்றது.

சூசை மாமாவின் வலது சுண்டுவிரல் அது. பாறையில் துளை போடுகிற மிஷினில் மாட்டி நசுங்கி, கோணலாகக் கூடிய விரல். டீ டம்ளரைப் பிடிக்கும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அதைப்போலச் செய்து காட்டிச் சிரிப்போம், அவரும் சிரிப்பார். மாமாவைப் பற்றி எனக்கு நிஜமாக ஞாபகமிருப்பது அந்த விரல் ஒன்றுதான்.

அதைத்தான் நான் நேராக வரைந்திருந்தேன். இருப்பதை எடுக்கமாட்டேன், இல்லாததைச் சேர்க்கமாட்டேன் என்று பிரசங்கம் செய்தவள். வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்கிற படத்தில் யாரோ ஒருவனின் விரல் இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

அத்தை செக்யூரிட்டியின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். அவர் எழுந்து இடம்விட்டார்.

"ரெண்டு நாள் நிக்க வச்சானாம் அந்த வரையறவன். மொத நாளு தொப்பியோட, மறுநாளு கழட்டச் சொல்லி. நான் ஒரு படத்துக்குத்தான் ரெண்டு நாளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

மூக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"ஷிப்டுக்குப் போய்ட்டு வந்து சொல்லுவாரு. இன்னிக்கும் என்னயே கும்புட்டுட்டு எறங்கினேன் அமலுன்னு. அந்தச் சிரிக்கற மூஞ்சியச் சொல்றாரு, திமிருன்னு நெனச்சேன். திட்டியிருக்கறேன்."

பிறகு எழுந்து, மறுபடி அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போனாள்.

"அப்ப வூட்டுக்குப் போறதும் அவுருதான்."

அத்தை அழவில்லை. நான்தான் அழுதேன். போஸ்டரைப் பார்த்து உருகுகிற ஆள் இல்லை என்று மேலே எழுதியிருப்பது எனக்கு ஞாபகமிருக்கிறது.

அழுக்கைத் திரும்பப் போட்டது

அன்று சாயந்திரமே ஸ்டுடியோவுக்குப் போனேன். நல்லவேளையாகச் சுத்தம் செய்வதற்கு முந்தின கோப்பை அழிக்காமல் வைத்திருந்தேன். கறை திரும்ப வந்தது. விரலை இரண்டு பக்கத்து மிச்சக் கோட்டையும் இணைத்து வளைத்து வரைந்தேன். என் தொழிலில் அழுக்கைத் திருப்பிப் போட்டது அந்த ஒரு தடவைதான். பெருக்கல் குறியில் கை வைக்கவில்லை. அத்தையும் அதற்கப்புறம் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

முரளிதரிடம் விரலைக் காட்டினேன். இந்தத் தடவை அவர் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, வாசல் படத்தை இறக்கிப் புதிதாக அச்சடித்து மாட்டினார். படக்குறிப்பையும் மாற்றச் சொன்னார். எழுதியது நான்தான். மூன்று மொழியிலும் ஒரே வரி: இரண்டு பக்கமும் இருப்பவர் ஒருவரே, பாறையில் துளை போடும் தொழிலாளி சூசைநாதன், தொப்பி இல்லாமல் அவர் சுரங்கத்தில் இறங்கியதில்லை.

கடைசிப் பகுதிக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். அவர் மனைவி என்றேன். சரி என்றார்.

கண்காட்சி முடிவதற்குள் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் வேலைக்கு வருகிறவர்கள் சிலர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்வி. யார் யாரிடம் போய் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. எல்லாம் முடிந்து அந்தப் பெரிய படத்தைச் சுருட்டி எங்கள் ஸ்டுடியோவுக்கு அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தேன். அச்சில் இருந்த கறைக்குமேல், நிஜமாகவே விரல்பட்ட அழுக்கு லேசாக ஏறியிருந்தது. பெருக்குகிறவர் கை பட்டதாகவும் இருக்கலாம்.

நவம்பர் மாதம்

கல்லறைத் திருநாளுக்கு அத்தையும் நானும் எல்லா வருடமும் தங்கவயல் போவோம். காலை ரயிலில் பாதி வண்டி எங்கள் ஆட்களாக இருக்கும். மடியில் பூ, பையில் மெழுகுவர்த்திக் கட்டு, சிலர் சுண்ணாம்புகூட எடுத்து வருவார்கள். கல்லறைக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, இறந்தவரின் படத்தைச் சாய்த்து வைத்து, ஃபாதர் வந்து ஜெபித்துத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் வரை காத்திருப்பது வழக்கம்.

அந்த வருடம் அத்தை என்னிடம் ஒரு வேலை கொடுத்திருந்தாள். வலது பக்கம் மட்டும், அழுக்கோடு, விரலோடு, சட்டத்தில் அடங்குகிற அளவுக்கு ஒரு படம். அதே பழைய சட்டத்தில் போட்டாள். சிரிக்கிற முகத்தை எறிந்துவிடவில்லை. அதே சட்டத்துக்குள் பின்பக்கமாக, அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் பத்திரமாக வைத்தாள்.

வெள்ளையடித்து முடித்துப் படத்தைச் சாய்த்து வைத்தோம். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த அம்மாள், எங்கள் பழைய லைன்காரி, எட்டிப் பார்த்தாள். குழாயடியில் அன்று பேசியவள் இவள்தானா என்று நான் அத்தையைக் கேட்டதில்லை, அத்தையும் சொன்னதில்லை.

"இன்னா அமலோற்பவம், வேற படம் வச்சிக்கீற? மூஞ்சியே தெரியலயே. முதுக காட்டிக்கினு போறாரே மனுஷன்."

அத்தை மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துப் பற்றவைத்து, சட்டத்துக்கு முன்னால் நட்டாள். வலது கையை நீட்டி, கண்ணாடிமேல், தொப்பி இருக்கிற இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஷிப்டு முடிஞ்சி வூட்டுக்குப் போறாரு" என்றாள். "இப்ப எதுக்குத் திரும்பிப் பாக்கணும்?"